பழைய லாரியில் தீராத அதிர்வா? இன்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

புனேயின் விமான் நகரை ஒட்டிப் போகும் நகர் ரோட்டில் சிறிது நேரம் நின்றால் தமிழ்நாட்டு நம்பர் பிளேட் லாரிகள் கண்ணில் படும். டிஎன் 28 என்றால் நாமக்கல், டிஎன் 34 என்றால் திருச்செங்கோடு, டிஎன் 52 என்றால் சங்ககிரி. ராஞ்சன்காவ் தொழிற்பேட்டை பக்கம் லோடு ஏற்றவோ இறக்கவோ வந்த வண்டிகளாக இருக்கும்.

இந்தப் பகுதியில் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் அப்பாவோ மாமாவோ லாரி வைத்திருக்கும் ஆளாக நீங்கள் இருந்தால், இப்படி ஒரு போன் வந்திருக்கலாம்: "வண்டி ரொம்ப ஆடுதுப்பா. கிளட்ச் பிளேட் மாத்தியாச்சு, கிராஸ் மாத்தியாச்சு. ஆட்டம் நிக்கல. இப்ப கியர்பாக்ஸை இறக்கணும்னு சொல்றாங்க."

கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேசிஸில் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங். கைக்குள் அடங்கும் அளவுள்ள ரப்பர், இரும்புத் தகடு, சில போல்ட்கள், அவ்வளவுதான். ஆனால் இது இடம் மாறினால் கோளாறு இங்கே தெரியாது. கிளட்சில், கிராஸில், கியர் லீவரில் போய்த் தெரியும். அதனால்தான் வேறு பார்ட்களை மாற்றிக்கொண்டே இருந்தும் ஆட்டம் நிற்பதில்லை.

சுருக்கமாக:

• ஆட்டம் தெரியும் இடமும் அதன் காரணமும் பெரும்பாலும் வேறுவேறு.
• மவுண்டிங் ரப்பரை மாற்றுவதற்கு முன், அது ஏன் கெட்டது என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் புது ரப்பரும் அதே வழியில் போகும்.
• கண்ணால் பார்த்து, தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல் கோணத்தையும் உயரத்தையும் அளந்து எழுதி வைக்க வேண்டும்.
• கியர் தானாக வெளியே வரும் வண்டியை மலைப்பாதைக்கு அனுப்பக் கூடாது.

மவுண்டிங் என்ன வேலை செய்கிறது?

மூன்று வேலை. முதலாவது, இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், கியர்பாக்ஸ் மூன்றும் சேர்ந்த முழு எடையைத் தாங்குவது. இரண்டாவது, இன்ஜின் அதிர்வை சேசிஸுக்கும் கேபினுக்கும் அப்படியே கடத்தாமல் ரப்பரில் அடக்குவது. மூன்றாவது, அதிகம் பேசப்படாதது: ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து, கியர்பாக்ஸின் வால் முனையை எப்போதும் ஒரே கோணத்தில் நிறுத்துவது.

எத்தனை மவுண்டிங் என்பது வண்டிக்கு வண்டி மாறும். முன்னால் ஒன்று அல்லது இரண்டு, பின்னால் ஃப்ளைவீல் ஹவுசிங்கின் இரு பக்கமும் ஒவ்வொன்று என்பது பரவலான அமைப்பு. நீளமான கியர்பாக்ஸ் என்றால் அதன் பின்பக்கத்துக்குத் தனியாக ஒரு தாங்கி இருக்கலாம்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்தவை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை இறங்கினால் மொத்தமும் சேர்ந்து சாயும். நாற்காலியின் ஒரு கால் தேய்ந்தால் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து சாய்வது போலத்தான்.

பழைய லாரி என்று இங்கே சொல்வது டாடா 1613, 2518 தலைமுறை வண்டிகளையும் அதே காலத்து அசோக் லேலண்ட் வண்டிகளையும். டாடா பெயரில் உள்ள எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதல் இரண்டு இலக்கம் மொத்த எடை, டன்னில். கடைசி இரண்டு இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் தோராயமான குதிரைத்திறன். 1613 என்றால் 16 டன், சுமார் 130 குதிரைத்திறன். அந்த எடைக்கும் திறனுக்கும் கணக்குப் போட்டுத்தான் மவுண்டிங்கும் வடிவமைக்கப்பட்டது. அதற்கு மேல் லோடு ஏற்றினால் சேசிஸ், கிளட்ச், மவுண்டிங் மூன்றும் கூடுதல் வேலை செய்கின்றன.

ஏன் இடம் மாறுகிறது?

ரப்பருக்கு வயதாவது முதல் காரணம். சூடும் எடையும் சேர்ந்து பல ஆண்டுகளில் ரப்பரை அமுக்கி, இறுக்கிவிடுகின்றன. இறுகிய ரப்பர் அதிர்வை அடக்காது, கடத்தும்.

இரண்டாவது, எண்ணெய். இயற்கை ரப்பருக்கு டீசலும் இன்ஜின் ஆயிலும் ஆகாது. ஊறினால் உப்பும், மெதுவாகும், இரும்புத் தகட்டிலிருந்து பிரியும். ஹெட் கவரிலிருந்தோ கிராங்க் ஆயில் சீலிலிருந்தோ ஒழுகும் ஆயில் நேராகப் பின் மவுண்டிங்கில் சொட்டுகிறது என்றால், ஒழுக்கை அடைக்காமல் ரப்பரை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

மூன்றாவது, போல்ட் தளர்வு. தளர்ந்த போல்ட் ஒவ்வொரு அதிர்விலும் துளையைத் தேய்க்கும். வட்டத் துளை முட்டை வடிவமாகும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பிராக்கெட் சரியான இடத்தில் நிற்காது.

நான்காவது, பிராக்கெட்டிலோ குறுக்குச் சட்டத்திலோ விரிசல். ஐந்தாவது, வேறு மாடலின் மவுண்டிங்கைப் பொருத்தியது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உயரமும் ரப்பரின் கடினத்தன்மையும் மாறியிருக்கும்.

ஆறாவது, பட்டறையிலேயே உண்டாவது. கிளட்ச் வேலைக்காக கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது ஒரு பக்க போல்ட்களை முழுசாக இறுக்கிவிட்டு, மறு பக்கத்தைக் கடப்பாரையால் நெம்பித் துளைக்கு நேராகக் கொண்டுவருவது. வண்டி ஓடும். ஆனால் ரப்பர் முதல் நாளே முறுக்கேறிய நிலையில் இருக்கும். "கிளட்ச் வேலை பார்த்த பிறகுதான் ஆட்டம் வந்துச்சு" என்று டிரைவர் சொன்னால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

என்னென்ன அறிகுறிகள்?

• இன்ஜினை ஆன், ஆஃப் செய்யும்போது 'டங்' என்று ஒரு அடி கேட்பது.
• லோடோடு கிளம்பும்போது வண்டி குதித்துக் குதித்து நகர்வது. கிளட்ச் பிளேட் தேய்வு போலவே தெரியும்.
• மேட்டில் மிதிக்கும்போதோ, மிதித்த காலை எடுக்கும்போதோ கியர் தானாக நியூட்ரலுக்கு வருவது.
• கியர் லீவர் நிற்கும் இடம் ஆக்சிலரேட்டர் மிதிப்பதைப் பொறுத்து மாறுவது.
• ஃபேன் இறக்கை ரேடியேட்டர் கூண்டில் உரசிய தடம்.
• சைலன்சர் பைப்பின் வளையும் பகுதி, ரேடியேட்டர் ஹோஸ், கிளட்ச் லைன் போன்றவை அடிக்கடி வெடிப்பது.
• கிராஸும் கியர்பாக்ஸ் பின்பக்க ஆயில் சீலும் மாற்றிய கொஞ்ச நாளிலேயே மறுபடி போவது.

இதில் ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். மூன்று, நான்கு சேர்ந்து இருந்தால் மவுண்டிங்கைப் பார்த்தே ஆக வேண்டும்.

சில மில்லிமீட்டர் இறங்கினால் என்ன ஆகிவிடும்?

இங்கே கொஞ்சம் கணக்கு. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

முன் மவுண்டிங்குக்கும் பின் மவுண்டிங்குக்கும் இடையே 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் மவுண்டிங் 10 மி.மீ. இறங்கினால் இன்ஜின் சுமார் 0.6 டிகிரி கூடுதலாகச் சாயும். 17 அல்லது 18 மி.மீ. இறங்கினால் 1 டிகிரி.

1 டிகிரிக்கு ஏன் இவ்வளவு கவலை? கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் நீளமான குழாய்தான் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் இருப்பவை கிராஸ் ஜாயிண்ட்கள். கிராஸ் ஒரு கோணத்தில் சுழலும்போது அதன் மறுபக்கம் ஒரே சீரான வேகத்தில் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடும், இரண்டு முறை குறையும். கோணம் 3 டிகிரி என்றால் இந்த ஏற்ற இறக்கம் 0.14 சதவீதம். 6 டிகிரி என்றால் 0.55 சதவீதம். கோணம் இரண்டு மடங்கு ஆனால் ஆட்டம் நான்கு மடங்கு.

முன் கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் சமன் செய்யும். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை. இரண்டு கிராஸின் கோணமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் ஒரே வரிசையில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஷாஃப்ட் தயாரிப்பாளர்கள் பரவலாகச் சொல்லும் வரம்பு இது: ஒவ்வொரு கிராஸின் கோணமும் அரை டிகிரியிலிருந்து 3 டிகிரிக்குள், இரண்டுக்கும் வித்தியாசம் 1 டிகிரிக்குள்.

ஓர் உதாரணம். கியர்பாக்ஸ் பின்னோக்கி 4 டிகிரி சாய்வு, ஷாஃப்ட் 6.5 டிகிரி, பின் ஆக்சிலின் பினியன் 4 டிகிரி. முன் கிராஸின் கோணம் 2.5, பின் கிராஸின் கோணமும் 2.5. சமம், பிரச்னை இல்லை. இப்போது பின் மவுண்டிங் 15 மி.மீ. இறங்குகிறது. கியர்பாக்ஸ் சாய்வு ஏறக்குறைய 4.9 டிகிரி ஆகிறது. பினியன் அதே 4-ல் இருக்கிறது. வித்தியாசம் 0.9. அனுமதித்த 1 டிகிரி வரம்பைக் கிட்டத்தட்ட ஒரே ஒரு ரப்பர் சாப்பிட்டுவிட்டது. இதோடு பின்பக்கப் பட்டைகள் கொஞ்சம் தேய்ந்திருந்தால் வரம்பு தாண்டிவிடும்.

கிராஸ் அடிக்கடி போவதற்குக் கிராஸின் தரம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

முதலில் மற்ற காரணங்களை விலக்குவது எப்படி?

ஆடும் வண்டி எல்லாமே மவுண்டிங் கெட்ட வண்டி கிடையாது. பட்டறைக்குப் போவதற்கு முன்பே மூன்று சோதனை செய்யலாம்.

சோதனை 1: நின்ற இடத்தில். நியூட்ரலில் இன்ஜினை ஐடிலில் விடுங்கள். ஆறு சிலிண்டர் இன்ஜின் 600 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 30 முறை வெடிப்பு நடத்துகிறது. இது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அதிர்வு. ஒரு சிலிண்டர் மட்டும் சரியாக வேலை செய்யாவிட்டால் அந்தக் குறை நொடிக்கு 5 முறை வரும். இன்ஜின் மெதுவாக, கண்ணுக்குத் தெரியும்படி தள்ளாடும். அப்படியென்றால் முதலில் இன்ஜெக்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். அதே தள்ளாட்டத்தில் புது மவுண்டிங் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

சோதனை 2: நின்ற இடத்திலேயே ஆர்.பி.எம்.மை மெதுவாக ஏற்றுங்கள். வண்டி நகராமலே ஆட்டம் வருகிறதா? அப்படியென்றால் காரணம் இன்ஜின், கிளட்ச், மவுண்டிங் இவற்றுக்குள்தான். ஷாஃப்டும் சக்கரமும் சுற்றவே இல்லையே.

சோதனை 3: ஆளில்லாத சமதளச் சாலையில், ஒரே வேகத்தில் இரண்டு வேறு கியரில் ஓட்டிப் பாருங்கள். வேகம் மாறாமல் கியர் மட்டும் மாறினால் இன்ஜின் ஆர்.பி.எம். மாறும், ஷாஃப்டின் வேகம் மாறாது. ஆட்டம் அப்படியே இருந்தால் ஷாஃப்ட், கிராஸ், சென்டர் பேரிங் அல்லது சக்கரம். ஆட்டம் ஆர்.பி.எம்.மோடு சேர்ந்து மாறினால் இன்ஜின் பக்கம்.

போனால் அளக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஸ்மார்ட்போனில் உள்ள ஆக்சிலரோமீட்டர் அதிர்வை அளக்கும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவச ஆப் அந்த அளவை அதிர்வெண் வரைபடமாகக் காட்டும். போனை டேஷ்போர்டில் ஆடாமல் ஒட்டிவைக்க வேண்டும். டிரைவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் பதிவு செய்யட்டும்.

எந்த எண்ணைத் தேடுவது? வண்டி 60 கி.மீ. வேகத்தில் போகிறது, டயர் ஒரு சுற்றுக்கு 3.2 மீட்டர் நகர்கிறது, பின் ஆக்சில் விகிதம் 6 என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நொடிக்கு 5.2 முறையும், ஷாஃப்ட் சுமார் 31 முறையும் சுற்றும்.

• 5 ஹெர்ட்ஸ் பக்கம் சிகரம் தெரிந்தால்: டயர் அல்லது சக்கரம்.
• 31 ஹெர்ட்ஸ்: ஷாஃப்ட் பேலன்ஸ்.
• 62 ஹெர்ட்ஸ்: கிராஸ் கோணம். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை என்று மேலே பார்த்தது இதுதான்.

மவுண்டிங் இறங்கி கியர்பாக்ஸ் சாய்ந்திருந்தால் அந்த மூன்றாவது எண்ணில் சிகரம் எழ வாய்ப்பு அதிகம். ஒரு எச்சரிக்கை: உங்கள் போன் நொடிக்கு 100 முறைதான் அளக்கிறது என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை அது சரியாகக் காட்டாது. அப்படிப்பட்ட போனில் 40 கி.மீ. வேகத்தில் சோதித்தால் இந்த மூன்று எண்ணும் முறையே சுமார் 3.5, 21, 42 என்று குறைந்து, வரம்புக்குள் வந்துவிடும்.

வாகனத் துறையில் இதற்கு என்.வி.எச். என்று பெயர், சத்தம், அதிர்வு, உறுத்தல் மூன்றையும் சேர்த்துச் சொல்வது. புனேயிலேயே, 1966-ல் தொடங்கப்பட்ட ஏ.ஆர்.ஏ.ஐ. எனும் வாகன ஆராய்ச்சி நிறுவனத்தில் இதற்கென்றே ஆய்வகம் இருக்கிறது. போன் ஆப் அந்த அளவுக்குத் துல்லியம் தராது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டினாலே அதன் வேலை முடிந்தது.

பட்டறையில் என்ன வரிசையில் பார்க்க வேண்டும்?

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். கேபின் சாயும் வகை என்றால் அதன் லாக் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜினைத் தூக்கும் வேலை இருந்தால் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும்.

2. மவுண்டிங்கைச் சுத்தம் செய்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ரப்பரில் வெடிப்பு, தகட்டிலிருந்து பிரிவு, ஆயில் ஊறல். போல்ட்டைச் சுற்றிப் பளபளப்பாகவோ துரு நிறத் தூளாகவோ இருந்தால் அங்கே உரசல் நடக்கிறது என்று அர்த்தம்.

3. இடது, வலது இரண்டு பக்கமும் மவுண்டிங் உயரத்தை அளந்து எழுத வேண்டும். வித்தியாசம் இருந்தால் இறங்கிய பக்கம் தெரிந்துவிடும்.

4. நெம்புகோலை மெதுவாகக் கொடுத்து, ரப்பர் தகட்டை விட்டு எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். லேசான அசைவு இயல்பு. இடைவெளி தெரிந்தால் அந்த மவுண்டிங் முடிந்தது.

5. பிராக்கெட், குறுக்குச் சட்டம், சேசிஸ் ரிவெட் மூன்றிலும் விரிசல் தேட வேண்டும். சந்தேகம் இருந்தால் சேசிஸின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து ஒப்பிடலாம். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் சேசிஸே கோணியிருக்கிறது.

6. ரசமட்டம் வைத்து, காந்தம் ஒட்டிய டிஜிட்டல் வகை இருந்தால் இன்னும் நல்லது, கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் மூன்றின் சாய்வையும் அளந்து எழுத வேண்டும். சென்டர் பேரிங் வைத்த இரட்டை ஷாஃப்ட் என்றால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

7. ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் அடையாளக் கோடு போட வேண்டும். ஸ்ப்ளைனில் ஒரு பல் மாறி மாட்டினாலும் யோக் வரிசை கெட்டு, இல்லாத ஆட்டம் புதிதாக வரும்.

இதற்குப் பிறகுதான் மாற்றும் வேலை. இன்ஜினைத் தூக்கும்போது ஆயில் பேனுக்கு அடியில் நேராக ஜாக்கி வைக்கக் கூடாது, பேன் நசுங்கும். செயின் பிளாக்கில் தொங்கவிட்டோ, ஃப்ளைவீல் ஹவுசிங் போன்ற கெட்டியான இடத்தில் மரக்கட்டை வைத்தோ தூக்க வேண்டும். தூக்கும்போது ஃபேன், ஹோஸ், சைலன்சர் பைப், கியர் லிங்கேஜ், கிளட்ச் லைன் ஐந்தையும் ஒரு ஆள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் யாரும் படுக்கக் கூடாது, ஸ்டாண்ட் வேண்டும்.

இடது, வலது மவுண்டிங்கை ஜோடியாக மாற்றுவது நல்லது. ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் முதல் நாளிலிருந்தே உயரம் சமமாக இருக்காது. எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மட்டும் ஏற்றி, முழு எடையும் ரப்பரில் தானாக உட்காரவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். போல்ட் துளைக்குள் கையால் போகவில்லை என்றால் ஏதோ ஒன்று நேராக இல்லை. சுத்தியலால் அடித்து ஏற்றினால் கோளாறு உள்ளேயே பூட்டப்படுகிறது.

முடித்த பிறகு சாய்வுகளை மறுபடி அளந்து, பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும். கொஞ்ச தூரம் லோடோடு ஓடிய பிறகு போல்ட்களை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மவுண்டிங் சரி, ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை என்றால்?

அடுத்த சந்தேகம் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்டின் நடுமையத்துக்கு நேராக இருக்க வேண்டும். அதை நேராக நிறுத்துவது ஃப்ளைவீல் ஹவுசிங். இரண்டு முகத்துக்கு நடுவே ஒரு துகள் அழுக்கோ, பழைய பெயிண்ட்டோ, அடித்த தடமோ இருந்தாலும் அந்த நேர்கோடு கெடும். பைலட் பேரிங் அடிக்கடி போவது, கிளட்ச் பிளேட்டின் நடு ஸ்ப்ளைன் ஒருபக்கமாகத் தேய்வது ஆகியவை இதற்கான அடையாளம்.

இதை அளக்க டயல் கேஜ் வேண்டும். ஃப்ளைவீலில் கேஜைப் பொருத்தி, இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றி, ஹவுசிங்கின் உள்வட்டத்திலும் முகத்திலும் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்ப்பார்கள். கனரக வண்டிகளின் எஸ்.ஏ.இ. 1, 2 அளவு ஹவுசிங்குகளுக்குப் பரவலாகச் சொல்லப்படும் உச்ச வரம்பு 0.20 மி.மீ. உங்கள் வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

0.20 மி.மீ. என்பது இரண்டு ஏ4 தாளின் தடிமன். கண்ணாலும் கைவிரலாலும் கண்டுபிடிக்க முடியாத அளவு. "பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு" என்பது இந்த இடத்தில் பதில் ஆகாது.

செய்யக் கூடாதவை

• டயர் துண்டை வெட்டி மவுண்டிங்காக வைப்பது. எடையைத் தாங்கலாம், கோணத்தைத் தாங்காது.
• அளக்காமல் தகடு வைத்து உயரத்தை ஏற்றுவது. ஒரு பக்கக் கோணம் சரியாகி, மறுபக்கம் கெடும்.
• பிராக்கெட் விரிசலை வெல்டிங் வைத்து, அதை உண்டாக்கிய காரணத்தை அப்படியே விடுவது.
• மவுண்டிங் பார்ப்பதற்கு முன்பே கியர்பாக்ஸைப் பிரிப்பது. பிரித்தால் இறக்கி ஏற்றும் கூலி எப்படியும் உண்டு. மவுண்டிங் ஜோடியின் விலை அதில் சிறு பகுதிதான்.

இது செலவு விஷயம் மட்டும்தானா?

இல்லை. கியர் தானாக வெளியே வருவது உயிர் விஷயம்.

கேபின் சாயும் லாரிகளில் கியர் லீவர் கியர்பாக்ஸிலிருந்து தள்ளி இருக்கும். நடுவில் நீளமான லிங்கேஜ். மவுண்டிங் கெட்டு கியர்பாக்ஸ் மட்டும் அசைந்தால், லீவர் நின்ற இடத்தில் நிற்க, உள்ளே கியர் முழுசாக விழாமல் பாதியில் நிற்கும். லோடு மாறும் நொடியில் அது வெளியே வந்துவிடும்.

சமவெளியில் இது எரிச்சல். இறக்கத்தில் நிலைமை வேறு. கியர் வெளியே வந்தால் இன்ஜின் கொடுக்கும் தடுப்பு மொத்தமும் போய்விடும். எக்சாஸ்ட் பிரேக்கும் இன்ஜின் வழியாகத்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது என்பதால் அதுவும் பயன்படாது. 16 டன், 25 டன் எடை முழுவதும் சக்கர பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். வேகம் ஏறிய பிறகு மறுபடி கியரை உள்ளே போடுவது பழைய கியர்பாக்ஸில் கஷ்டம்.

தமிழ்நாட்டிலிருந்து பெங்களூரு, கோலாப்பூர், சாதாரா வழியாக வரும் லாரிகள் புனேக்குள் நுழையும் இடத்திலேயே அப்படி ஓர் இறக்கம் இருக்கிறது. கத்ரஜ் புதிய சுரங்கத்திலிருந்து நவலே பாலம் வரை. 2022 நவம்பர் 20 இரவு அங்கே ஒரு கனரக வண்டி கட்டுப்பாட்டை இழந்து மோதியதில் 48 வாகனங்கள் சேதமடைந்தன. அந்த விபத்துக்கும் மவுண்டிங்குக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த இறக்கத்தில் கனரக வண்டிகளை நியூட்ரலில் உருட்டாதீர்கள் என்றுதான் புனே போலீஸ் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. கியர் நழுவும் வண்டியில், டிரைவர் விரும்பாமலே நியூட்ரல் விழுந்துவிடும். ஆபத்து ஒன்றுதான்.

தூரத்தில் இருந்துகொண்டு நீங்கள் என்ன செய்யலாம்?

சரக்கு வண்டிகளுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி எப்படியும் வருஷத்துக்கு ஒருமுறை பட்டறைக்கு வருகிறது. அந்தச் சமயத்திலேயே மவுண்டிங் உயரம், மூன்று சாய்வுகள் ஆகியவற்றை அளந்து எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு எக்செல் ஷீட் போதும். இரண்டு வருஷ எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த மூலை இறங்குகிறது என்று ஆட்டம் தொடங்கும் முன்பே தெரியும்.

வீட்டில் இருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை:

• அண்ணே, வண்டி நிற்கும்போதும் ஆடுதா, ஓடும்போது மட்டும்தானா?
• மவுண்டிங் உயரம் இடது பக்கம் எவ்வளவு, வலது பக்கம் எவ்வளவு?
• பழைய ரப்பர் எதனால போச்சு? ஆயில் ஒழுகுதா, போல்ட் தளர்ந்ததா, விரிசலா?
• கியர்பாக்ஸ் சாய்வும் பினியன் சாய்வும் எத்தனை டிகிரி? மாத்தின பிறகு எத்தனை?
• கழற்றின பழைய பார்ட்டைப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்வியைத் தவறவிட வேண்டாம். ஒருபக்கம் மட்டும் அமுங்கிய ரப்பர், ஆயிலில் உப்பிய ரப்பர், தகட்டிலிருந்து கிழிந்த ரப்பர் மூன்றும் மூன்று வெவ்வேறு காரணத்தைக் காட்டும். எது என்று தெரிந்தால் அடுத்த செலவைத் தவிர்க்கலாம்.

கியர் நழுவுகிறது என்று டிரைவர் ஒருமுறை சொல்லிவிட்டால், மேலே உள்ள சோதனைகள் முடியும்வரை அந்த வண்டிக்கு லோடு பேச வேண்டாம்.